லேப்டாப்புக்குப் போர்த்திய போர்வை

சூடாக இருக்கும் எந்தப் பொருளும் காற்று பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று நான் நம்பினேன். லேப்டாப்பும் அதில் சேர்த்தி. ஐம்பதைத் தாண்டிய ஆள், மீசை நரைத்த ஆள், இப்படி நம்பலாமா என்று சிரிக்க நினைப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். உங்களுக்கு முன்னால் என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். அவள் இன்னும் முடிக்கவில்லை.

நம்பிக்கைக்குக் காரணம் என் பிழைப்பு. விருத்தாசலத்துச் செராமிக் பேட்டையில் பீஸ் கட்டை செய்யும் யூனிட் ஒன்றில் நான் சூப்பர்வைசர். கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று செருகியிருக்குமே, கரண்ட் போனால் முதலில் பிடுங்கிப் பார்ப்போமே, அதுதான் பீஸ் கட்டை. சூளை எரிந்து முடிந்ததும் வேலை முடிந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்குப் பயம் அப்போதுதான் ஆரம்பிக்கும். சூளை தானாக ஆறும் வரை கதவைத் தொடக் கூடாது. சந்து தெரிந்தால் மண்ணைக் குழைத்து அடைப்போம். எவனாவது அவசரப்பட்டுத் திறந்து காற்று உள்ளே போய்விட்டால், உள்ளேயிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'. சரக்கில் மயிரிழை விரிசல் ஓடும் சத்தம் அது. அதைக் கேட்டால் முதலாளிக்கு முன்னால் நான் சூளைக்கு ஓடுவேன். வீட்டுச் சுவரில் பல்லி கத்தினாலே எழுந்து உட்காரும் ஆள் நான்.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில். மகள் நர்ஸிங் முடித்து மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். பலகை வைத்துத் தடுத்த ஒரு பெட்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாற்காலியைப் பங்கு போட்டுக்கொண்டு உட்காருவோம். ஒருமுறை மனைவி மகளிடம், "வயிறு ஒழுங்கா போவுதா?" என்று விசாரித்தாள். மகள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பெட்டியிலிருந்து, கொய்யாப்பழம் சாப்பிடச் சொல்லுங்க என்று ஓர் ஆண்குரல் வந்தது. அத்தோடு என் மனைவி அந்தப் படியை மிதிப்பதை நிறுத்தினாள்.

பிறகு போன்தான். மகள் ஒவ்வொரு முறையும், நல்லா சாப்பிடுறேம்மா என்பாள். மனைவி நம்பவில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒல்லியாக இருந்த பெண்.

"போன்ல கன்னம் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். "எனக்கு அவ கன்னத்தப் பாக்கணும். எளச்சிருந்தான்னா வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பொறப்பட்டு வாடின்னு சொல்லிடுவேன்."

சொன்னால் செய்கிறவள். மகளோ அந்த வேலையை உயிராக நினைத்தாள். அம்மாவுக்கு முகத்தைக் காட்டிவிட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது, வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடுங்கள் என்று எனக்குத் தனியாக போன் செய்து சொன்னாள். புதுசு வாங்க வசதியில்லை. தேவையும் இல்லை. முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும், எப்போதாவது ஒரு மெயில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பாலக்கரைப் பக்கம் ஒரு கடையில் பழைய லேப்டாப்புகள் வந்திருந்தன. மெட்ராஸ் கம்பெனிகளில் ஓடிக் களைத்தவை. நாங்கள் போனபோது மேஜைமேல் இரண்டு இருந்தன. ஒன்று வெள்ளி நிறம், அகலத் திரை, பார்க்க மாப்பிள்ளை மாதிரி. மற்றது கறுப்பு, செங்கல் கனம், பட்டன்களில் பாதி எழுத்து தேய்ந்திருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். பேட்டரி இரண்டிலும் போய்விட்டது, வீட்டில் ஒரே இடத்தில் ஒயரை மாட்டியே ஓட்டப் போகிறீர்கள், அதனால் கவலை வேண்டாம், திரையில் கோடு விழுகிறதா, பட்டனெல்லாம் வேலை செய்கிறதா, மூடியின் கீல் ஆடுகிறதா, இது மூன்றையும் பாருங்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

நான் மூன்றையும் பார்க்கவில்லை. சுண்டிப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் டீக்கடைக் கிளாஸைக்கூடச் சுண்டிப் பார்த்துத்தான் வாய் வைப்போம். நல்ல சரக்கு 'டங்' என்னும், உள்ளே அடி வாங்கியது 'பொத்' என்னும். வெள்ளி நிறம் 'பொத்' என்றது. கறுப்பு 'டங்' என்றது. முடிந்தது விஷயம்.

மனைவிக்கு அகலத் திரைதான் பிடித்திருந்தது. முகம் பெரிதாகத் தெரியும் என்றாள். அதன் சத்தம் சரியில்லை என்றேன்.

"சார், அது பிளாஸ்டிக்கு" என்றார் கடைக்காரர்.

தொழில் தெரியாதவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துவிட்டுக் கறுப்பை எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அடுத்த சரக்கெடுக்க மெட்ராஸ் போகிறாராம். அதற்குள் கோளாறு தெரிந்தால் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம், அதற்கப்புறம் நீங்களாச்சு அதுவாச்சு என்றார். அதே திங்கட்கிழமையிலிருந்து மகளுக்கு ஒரு மாதம் நைட் டியூட்டி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசுவதென்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை வீட்டு போன் லைனிலேயே நெட் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயந்திரம் ஒத்திகை. மூடிமேல் ஒரு குட்டிக் கேமராவைக் கிளிப் மாட்டி நிறுத்தினேன். லேப்டாப் விழித்துக்கொண்டது. என் முகம் அதில் தெரிந்தது. அது அதன் குற்றமில்லை. கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் கை வைத்தேன், அனல் அடித்தது. தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டது.

டிக்.

என் உடம்பு எனக்கு முன்னால் எழுந்து ஓடி ஃபேனை அணைத்தது. ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். கையில் கிடைத்த போர்வையை நாலாக மடித்து லேப்டாப்பின் மூன்று பக்கமும் அணைத்துக் கட்டினேன். திரை மட்டும் வெளியே தெரிந்தது, குளிர்க்காய்ச்சல்காரன் போல. அது மனைவி விருந்தாளிகளுக்கென்று பீரோவில் வைத்திருந்த போர்வை என்பது பிறகுதான் தெரிந்தது. இவ்வளவு உபசாரம் செய்தும், பத்து நிமிடத்தில் லேப்டாப் சட்டென்று அணைந்துபோனது.

ஆறவிட்டுத் திரும்பப் போட்டேன். ஓடியது. போர்த்தினேன். அணைந்தது. உள்ளே விரிசல் விட்டுவிட்டது என்று முடிவு செய்தேன்.

"சுண்டிப் பாத்துதான எடுத்தீங்க?" என்றாள் மனைவி. "அணைஞ்சிடுவேன்னு அது ஒண்ணும் சொல்லலியா?"

எங்கள் யூனிட்டுச் சூளை மேஸ்திரி எனக்குப் பழைய கூட்டாளி. அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். டாக்டர் மாதிரி லேப்டாப்பின் விலாவில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காதைக் கொண்டுபோய் ஒட்டினார். டிக் என்றது. என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

"எத்தினி போர்வ போட்ட?"

"ஒண்ணு."

"பத்தாதுய்யா. கனமா ஒண்ணு போடு."

கனமாக ஒன்று போட்டோம். ஐந்தே நிமிடத்தில் அணைந்தது. இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினோம். சேதம் பெரிது என்று மேஸ்திரி சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபது வருடத்துச் சூளை அனுபவம். அதில் ஒரு சொட்டுக்கூட எங்களைக் காப்பாற்றவில்லை.

சனிக்கிழமை லேப்டாப்பை அந்தப் போர்வையோடே சுருட்டி, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து, பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுக்க, கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் போர்வையைப் பிரித்து மேஜைமேல் வைத்து ஓட்டினார். மேலே ஃபேன் பேயாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் ஒரு டீ குடித்தார், இரண்டு பேருக்கு வியாபாரம் பார்த்தார், இன்னொரு டீ குடித்தார். லேப்டாப் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் போய்விடும் பிள்ளையைப் போல அப்படி ஒரு நடிப்பு.

வீட்டில் எப்படி வைத்து ஓட்டினீர்கள் என்று கேட்டார். பத்திரமாகத்தான் என்றேன். போர்வை விஷயத்தைச் சொல்லவில்லை. தொழில் நுணுக்கத்தை எல்லோரிடமும் சொல்லக் கூடாது அல்லவா? சரி, அந்த வெள்ளி நிறத்தையாவது மாற்றிக்கொடுங்கள் என்று இறங்கிவந்தேன். அதைக் காலையிலேயே சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர் எடுத்துப் போய்விட்டாராம். அவர் சுண்டிப் பார்த்தாரா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில் ஓட்டுக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மனைவி காலைப் பூசைக்குக் கட்டிப் போன பட்டுப்புடவையை அவிழ்க்கவே இல்லை. மகள் பார்ப்பாளாம். ஜன்னல் சாத்திய அறையில், ஃபேன் இல்லாமல், போர்வை போர்த்திய லேப்டாப்புக்கு எதிரே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சூளைக்குள் அடுக்கி வைத்த சரக்கு மாதிரிதான் இருந்தோம்.

மகளின் அழைப்பு வந்தது. திரையில் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. ஒரு காது தெரிந்தது, அரைக் கன்னம் தெரிந்தது. மனைவி முன்னால் சாய்ந்தாள். லேப்டாப் அணைந்தது.

மனைவி பட்டுப்புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். பத்து நிமிடம் ஆறவிட்டுத் திரும்பப் போட்டேன். அந்தப் பத்து நிமிடமும் அவள் நெற்றியில் வேர்வை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து மகளுக்கு நைட் டியூட்டி. இன்றைக்கு முகம் தெரியாவிட்டால் இவள் போனிலேயே, கிளம்பி வாடி என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெண்ணின் வேலையை ஒரு லேப்டாப்பைச் சுண்டிப் பார்த்து நான் தொலைத்துவிட்டேன். கடைக்காரரை ஜங்ஷனில் போய் மறிக்கலாமா, ரயில் எத்தனை மணிக்கு என்றெல்லாம் என் மூளை ஓடியது.

திரை மறுபடி விழித்தது. மகள் மறுபடி வந்தாள்.

"ஃபேனப் போடுங்க" என்றாள் மனைவி.

கூடாது என்றேன்.

"மவ மொகத்தப் பாக்கறதுக்கு உக்காந்தனா, வேகறதுக்கு உக்காந்தனா?"

எழுந்தாள். ஃபேனைப் போட்டாள். ஜன்னலைத் திறந்தாள். வந்து, அது தன்னுடைய விருந்தாளிப் போர்வை என்பதை அப்போதுதான் கவனித்து, லேப்டாப்பிலிருந்து அதை உருவி என் மடியில் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்பார்த்தபடியே கேட்டது. டிக். இன்னொன்று. டிக்.

"யப்பா, ஏன் போர்வையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு கண்ண மூடிக்கினு இருக்கீங்க?" என்றது லேப்டாப். மகளின் குரல்.

கண்ணைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: சூடு, காற்று, டிக் சத்தம், மேஸ்திரி சொன்ன இரண்டாவது போர்வை. மஸ்கட்டில் ஒரு பெண் நாற்காலியிலிருந்து நழுவிக் கீழே போனாள். அவளுக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து மேலே வந்தாள்.

"உள்ள தட்டு ஒண்ணு சுத்துதுப்பா, அந்தச் சத்தம் அது. பழசுல அப்படித்தான் கேக்கும். பக்கத்துல சின்னச் சின்னதா ஓட்ட இருக்குது பாருங்க, அது வழியாத்தான் சூடு வெளிய போவணும். அத நீங்க அடச்சீங்கன்னா, தாங்க முடியாம அதுவே அணைஞ்சிக்கும்."

நான் ஓட்டைகளைப் பார்த்தேன். வரிசையாக இருந்தன. சந்து தெரிந்தால் அடைத்தே பழகிய கை.

மனைவிக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கன்னம், பிறகு தாடை, பிறகு கழுத்து என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு, பரீட்சை எழுதியவள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாடி இது," என்றாள் மனைவி, "இப்புடி ஊதிக் கெடக்கற?"

"அதான் சாப்புடுறேன் சாப்புடுறேன்னு சொன்னன்ல."

"ராத்திரில ரெண்டு சப்பாத்தியோட நிறுத்து."

ஊருக்குத் திரும்பி வரும் பேச்சு அன்றைக்கு எழவில்லை. அப்புறமும் எழவில்லை. நான் போர்வையை மடித்து பீரோவில் வைத்தேன். மேஸ்திரியிடம் மட்டும் லேப்டாப் தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்னேன். இரண்டாவது போர்வைதான் காரணம் என்று அவர் இன்றைக்கும் நினைக்கிறார்.

லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை. அன்று சாயந்திரம் கரண்ட் போகும் வரை அது ஓடியது.