யார்கிட்டப் போய்ச் சொல்லுவீங்க?

வரலாறு எடுக்கும் அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சிஐடி. பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பார். பாராட்டினால் என்ன காரியம் ஆக வேண்டுமோ என்று யோசிப்பார். பல வருடம் வேலை பார்த்தும் நிரந்தரம் ஆகவில்லை. கூட இருந்த ஒருத்தி ஸ்டாஃப் ரூமில் சம்பள வித்தியாசத்தைப் பற்றி முணுமுணுத்தாள். அடுத்த ஆண்டு அவள் நாற்காலியில் வேறு ஆள்.

ஏற்றத்தாழ்வைப் பற்றி வகுப்பில் எப்படிப் பேச வைப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர, நிர்வாகமே ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறதா என்று சிஐடி உஷாரானார்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியர் செடியைப் பார்ப்பதுபோல் நின்றார்.

"இந்த ஸ்கூல்ல யார் பேச்சு எடுபடுது, யார் பேச்சு எடுபடல? மனசுவிட்டுப் பேசுங்க," என்றார் பயிற்சியாளர்.

கணக்கு சார் நகத்தை ஆராய்ந்தார். சிஐடிதான் கையைத் தூக்கினார்.

"நாங்க பேசுறத நீங்க யார்கிட்டப் போய்ச் சொல்லுவீங்க மேடம்?"

பயிற்சியாளரின் முகம் மாறியது. "யார் என்ன பேசுனாங்கன்னு அப்புறமா வந்து சொல்லச் சொன்னாரு உங்க ஹெச்.எம். நான் மழுப்பிட்டேன். முதல்லயே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்." எழுந்து ஜன்னலருகே போனார். "சார், ஒண்ணு உள்ள வந்து எங்களோட உக்காருங்க, இல்ல எங்கள விட்டுடுங்க."

தலைமையாசிரியர் நகர்ந்தார். செடி மட்டும் நின்றது.

அதன்பின் இரண்டு மூன்று பேர் பேசினார்கள். சிஐடி பேசவில்லை. பயிற்சியாளரும் தலைமையாசிரியரும் பேசி வைத்துக்கொண்டு ஆடும் நாடகமோ? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

அன்று இரவு வீட்டில் தன் சந்தேகத்தைச் சொன்னார். "கல்யாணத்தன்னிக்கு என்னையும் இப்படித்தான் பாத்த," என்றார் கணவர்.

"இன்னும் முடிவுக்கு வரல."

ஆனாலும் அடுத்த வாரம், நிலம் யார் கையில் இருந்தது என்ற பாடத்தில், புத்தகத்தை மூடி வைத்தார். "நீங்க பேசுறத நான் வெளிய சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்துல இருக்கவங்க வாய்க்கு நான் பொறுப்பில்ல. யோசிச்சுப் பேசுங்க."

பள்ளியைச் சுத்தம் செய்பவளின் மகள் எழுந்தாள். "எங்கம்மா ஆபீஸ் நாற்காலிய எல்லாம் தொடைக்குறாங்க டீச்சர். அவங்கள யாரும் உக்காரச் சொன்னதில்ல."

"அதுக்குத்தானே சம்பளம்," என்றான் நிர்வாகக் குழுக்காரர் மகன். வகுப்பு அவன்மேல் பாய்ந்தது. புத்தகத்தைத் திறந்துவிடலாமா என்று சிஐடியின் கை பரபரத்தது. திறக்கவில்லை.

"அவன் முடிக்கட்டும். அப்புறம் அவ, இஷ்டமிருந்தா, பதில் சொல்லட்டும்."

"சம்பளம் தொடைக்குறதுக்கு," என்றாள் அவள். "நிக்குறதுக்கு இல்ல."

பையன் தலை குனிந்தான். மறுநாளே அவன் அப்பா அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"யாரு ஆரம்பிச்சது?" என்றார் தலைமையாசிரியர்.

"நான்தான் சார்." வேறு பெயர் எதுவும் சிஐடியின் வாயிலிருந்து வரவில்லை.

வேலை போகவில்லை. அடுத்த ஆண்டு கீழ் வகுப்புக்கு மாற்றினார்கள். தண்டனையா, தற்செயலா? யாரும் சொல்லவில்லை; அவர் கேட்கவுமில்லை. அங்கே வாண்டுகள் இன்னும் மோசம். பயம் என்றால் என்னவென்றே தெரியாமல் கேள்வி கேட்டார்கள்.