மருந்து இல்லை என்றான்

ஐம்பதுகளின் கடைசியில் காலடிப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் ஒருதரம் எழுதிக்கொடுத்த மிக்சருக்கு மறுபடி அவரைப் பார்க்க வேண்டியதில்லை. பாட்டிலைக் கழுவி எடுத்துவந்து கம்பவுண்டரிடம் நீட்டினால் போதும், நிரப்பிக் கொடுத்துவிடுவோம்.

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய என் தோஸ்து, ராயபுரத்துக்காரன், இப்படித்தான் ஏழெட்டு மாதம் இருமல் மிக்சர் குடித்தான். சளி இளக அதில் அயோடின் உப்பு சேர்ப்போம். எத்தனை மாதமாயிற்று என்று நான் யோசிக்கவே இல்லை. சிநேகிதனுக்கு உபகாரம் செய்கிறோம் என்ற பெருமை வேறு!

அவன் இளைத்தான். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. வின்சில் கை நடுங்கினால் கீழே நிற்பவன் தலை தப்பாது. மேஸ்திரி அவனை இறக்கிவிட்டார். "ஒடம்ப சரி பண்ணிகினு வா. ஒரு மாசம் எடம் வச்சிருக்கேன்" என்றார். அந்த வின்ச்தான் அவனுக்கு உயிர்.

பெரிய ஆஸ்பத்திரியில் தைராய்டு என்றார்கள், கழுத்தில் ஆபரேஷன் என்றார்கள். அதற்கு முன்னால் அப்போது புதிதாக வந்திருந்த ஒரு சோதனை. கதிரியக்க அயோடின் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, மறுநாள் கழுத்துக்கு நேராகக் கருவியை வைத்து, சுரப்பி எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். கருவியின் முள் எகிறும் என்று அங்கிருந்த டாக்டர் எதிர்பார்த்தார். அது அசையவே இல்லை.

"உடம்புல ஏற்கனவே அயோடின் ரொம்பியிருந்தாத்தான் இப்படிக் காட்டும். ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"மருந்தா? ஒண்ணியும் இல்ல சார்."

அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஊசியும் மாத்திரையும்தான் மருந்து. மிக்சர் வெறும் இருமல் தண்ணி.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் என் வேலை போய்விடுமே என்று பயந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் கருவியின்மேல் சந்தேகப்பட்டு, அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

அன்றிலிருந்து உப்பு போடாமல் மிக்சர் கலந்து கொடுத்தேன். சத்தமில்லாமல் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. ஆபரேஷன் நாளும் நெருங்கிவிட்டது. கடைசியில் தனியாகப் போய் ஆஸ்பத்திரி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லக்கூடாதாய்யா? மருந்தால வந்தது, நிறுத்தினா போயிடும்னு வேலை இடத்துக்கு அப்பவே எழுதிக் கொடுத்திருப்பேனே" என்றார். அன்றுதான் அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு துறைமுகத்துக்கு ஓடினேன். முந்தின வாரமே வின்ச் வேறொருவன் கைக்குப் போயிருந்தது.

கத்தி படாமலே நாலைந்து மாதத்தில் அவனுக்கு நடுக்கம் நின்றது. துறைமுகக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். "இந்தாளு மட்டும் போய்ச் சொல்லலேன்னா என் கழுத்த அறுத்திருப்பானுங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு வஞ்சிரம் மீன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். "உனுக்கு இன்னா செஞ்சாலும் தகும் நைனா" என்றான். முதல்நாளே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "எதுக்குடா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே, வெட்கமில்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.