சப்பை முக வம்சம்

தெருவில் அவருக்கு 'மூக்குக்காரர்' என்றுதான் பெயர். அவருடைய மூக்கு சாதாரண மூக்குதான். மனிதர் நாய் வளர்த்து விற்பவர். அவர் வீட்டு நாய்களின் முகம் சுவரில் மோதிக்கொண்ட மாதிரி சப்பையாக இருக்கும். அந்த முகத்துக்காக ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். அவருக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு ஈற்றிலும் முகம் மிகச் சப்பையான குட்டிகளை மட்டும் இனப்பெருக்கத்துக்கு நிறுத்திக்கொள்வார். மூக்கு நீண்டவற்றைக் கருத்தடை செய்து, யாருக்காவது சும்மா கொடுத்துவிடுவார். தன் வம்சத்தின் பேர் கெட்டுவிடக் கூடாதாம். அதில் மட்டும் பிடித்த பிடியை விடமாட்டார்.

ஒரு நாள் மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க குடுத்த நாய் படுக்கவே மாட்டேங்குது. படுத்தா மூச்சு அடைக்குது. உக்காந்தபடியே தூங்கி விழுது."

வெயில் என்றார், கொழுப்பு என்றார். பிறகு நேரில் போய்ப் பார்த்தார். நாயின் நாக்கு நீலம் பாரித்திருந்தது.

கால்நடை மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "முகம் சுருங்கிடுச்சு, உள்ள இருக்கிற சதை சுருங்கல. மூச்சு போக வழியில்ல. ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். உறுதி சொல்ல முடியாது."

"நான் எதையும் வெட்டலையே டாக்டர்! மூக்கை அமுக்கக்கூட இல்லையே!"

"வெட்டியிருந்தா இதோட போயிருக்கும். குட்டிக்குப் போகாது. பிறக்கும்போதே ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசமாத்தான் பிறக்குது. அதுல எது குட்டி போடணும்னு தலைமுறை தலைமுறையா நீங்கதானே முடிவு பண்ணீங்க?"

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் அவர், மூக்கு நீண்ட நாய்களைச் சும்மா கொடுத்திருந்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கினார். வம்சத்தில் மூக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அந்த நாய்கள் மேலே பாய்ந்து, சத்தமே இல்லாமல் மூச்சு விட்டன. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் ஒன்றுகூடக் குட்டி போடாது. அவர் செய்த கருத்தடைதானே! வேறு இனத்தோடு சேர்க்கலாம்தான். பிறப்பது இந்த வம்சமாக இருக்காது.

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"இது போயிட்டா, இதே வம்சத்துல ஒரு குட்டி குடுங்கப்பா. நல்லா மூச்சு விடுறதா பாத்துக் குடுங்க."

"எங்கிட்ட அப்படி ஒண்ணுகூட இல்லம்மா," என்றார் அவர். "நான் வரவிடல."