ஆற்றங்கரையில் சொன்ன பெயர்

கறுப்பு எள் தண்ணீரில் ஊறினால் லேசாக ஒரு கசப்பு வாசனை வரும். மகாளய அமாவாசை அன்று திருக்காஞ்சி ஆற்றங்கரையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து முன்னோர்களுக்குத் தண்ணீர் விட்டு எழுந்த அப்பாவின் விரலிடுக்கில் அந்த எள் ஒட்டிக்கொண்டிருக்கும். வில்லியனூரைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை அந்த வாசனை அவர் கையை விட்டுப் போகாது. எனக்கு ஒன்பது வயதில் அந்தக் கரையில் நான் செய்ததை இத்தனை காலம் வெளியில் சொன்னதில்லை. இப்போதும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அப்பாவின் தம்பி கோதண்டம் சித்தப்பா, விமானப்படையில் குண்டு போடும் விமானத்தில் இருந்தார். "ஓட்டுறது இன்னொருத்தரு, மேப்பு பாத்து எந்தப் பக்கம் போவணும்னு சொல்றது நானு" என்று லீவில் வந்தபோது அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் அவர் குரலில் என்னிடம் மிச்சம். நெல் வயல் வரப்பிலேயே வழி தப்புகிறவன் வானத்தில் வழி சொல்கிறானாம் என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். எனக்கு ஆறு வயதானபோது, வங்கதேசப் போரில், எல்லை தாண்டிப் போன அந்த விமானம் திரும்பவில்லை. முதலில் தந்தி வந்தது. பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விமானம் தீப்பற்றி விழுந்ததைக் கூடப் பறந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், உள்ளே இருந்த இருவரும் உயிரிழந்ததாகவே கொள்ள வேண்டும், உடல்கள் கிடைக்கவில்லை என்று அதில் இருந்தது. அப்பா அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அவர் அப்படிப் பிடித்துக்கொண்டதற்கு எங்கள் தெருவின் "சொல்தா" ஒரு காரணம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இந்தோசீனாவில் அவரோடு இருந்த ஒருவன் செத்துவிட்டான் என்று ஊரில் கருமாதி முடித்து, பெண்டாட்டிக்குத் தாலியும் இறக்கிய பிறகு, ஒரு நாள் காலையில் டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றானாம். "உசுரோட இருக்கிறவனுக்கு எள்ளு எறைச்சா ஆயுசு கொறையும்பா, அவசரப்படாத" என்று அவர் சொன்னது எங்கள் வீட்டுக்குச் சட்டமாகிவிட்டது. கருமாதி செய்யவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை. அழுதாலே செத்ததாக ஆகிவிடும் என்று மூன்று வருடம் யாரும் அழவுமில்லை.

சித்தியின் பெயர் பவானி. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா கனகாம்பரம் கட்டிக்கொண்டு வந்து, "வெறுந்தலையோட நிக்காத பவானி, வூட்டுக்கு ஆவாது" என்று அவள் தலையில் வைத்துவிடுவாள். ராத்திரி சித்தப்பா பேரில் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பார்கள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றிச் சித்திதான் சாப்பிட வேண்டும். பூவும் பொட்டும் தப்பித்தது, புண்ணியவதி என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சித்தி ஒன்றும் சொல்லமாட்டாள்.

அந்த அமாவாசை அன்று காலையில் எனக்குச் சடை பின்னும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஐயரு வேற பேரு இருக்குதான்னு கேப்பாரு. ஒங்கப்பா சும்மா இருப்பாரு. நீ சித்தப்பா பேரச் சொல்லிடு."

"நீயே சொல்லேன் சித்தி."

"நான் சொன்னா புருசனக் கொன்னவ ஆயிடுவேன். புள்ள வாயில வந்தா அது சாமி வாக்கு." சடை நுனியைக் கட்டிவிட்டு, "என்னால இனிமே பூ வெச்சிக்க முடியலடி" என்றாள்.

ஐயர் கேட்டார். அப்பா எப்போதும்போலக் கையைத் துடைக்கப் போனார். "கோதண்டம்" என்று நான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண், "கொழந்த வாயில வந்துடிச்சே" என்றாள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. வெகுநேரம் கழித்து உள்ளங்கையை நீட்டினார், ஐயர் எள்ளைப் போட்டுத் தண்ணீர் விட்டார். கரையில் நின்ற சித்தி தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. படையலுக்குச் சுடும் வடையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பா என்னைத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகைக்குக் கூப்பிட்டார். "யாராச்சும் ஒன்னச் சொல்லச் சொன்னாங்களா?" என்றார். தொட்டியடியில் சித்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "இல்லப்பா, தானா வந்துச்சு" என்றேன். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். போரில் இறந்த சித்தப்பா எங்கள் வீட்டில் இறந்தது என்னுடைய அந்தப் பொய்யால்தான்.

கருமாதி முடிந்ததும் சித்தி நெட்டப்பாக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள், டீச்சருக்குப் படித்தாள், பிறகு வேறு கல்யாணமும் செய்துகொண்டாள். அப்பாவோ கடைசிவரை என்னை வாக்குச் சொல்லும் பெண்ணாகவே நம்பினார். கன்றுக்குட்டி காணாமல் போனவர்கள்கூட அவர் பேச்சைக் கேட்டு என்னிடம் திசை கேட்க வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "நான் பொழைப்பேனாடி? நீ சொன்னா சரியா இருக்கும்" என்று என் முகத்தையே பார்த்தார். பிழைப்பீர்கள் என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இப்போது அந்த வீடு இல்லை, மனைகளாகப் பிரித்து விற்றாகிவிட்டது. விமானப்படையிலிருந்து வந்த கடிதத்தைக் கரையான் அரித்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் சித்தப்பாவை நேரில் பார்த்தவர்களில் சித்தியும் நானும்தான் மிச்சம். போன மாதம் தவளக்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கும் அவளைப் பார்க்கப் போனேன். வெளியே கடலூர் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அப்பா என்னிடம் கடைசியாகக் கேட்டதைச் சொல்லி, அவரை ஏமாற்றிவிட்டேனே என்றேன்.



"மூணு வருசத்துல ஒங்கப்பா ஒரு வாட்டிகூட, நீ இன்னா நெனைக்கிறம்மான்னு என்னக் கேக்கலடி. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றாள்.

அந்த மூன்று வருடமும் நானும் அவளைக் கேட்டதில்லை.