எங்கள் வாசலில் போட்ட முள்

கல்லூரியில் ஒருநாள் சரித்திர வகுப்பில் கொள்ளைநோய் பற்றிப் பாடம் நடந்தது. இடைக்கால ஐரோப்பாவில் சில ஊர்களில், பிளேக் வந்த வீட்டை உள்ளே ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே வெளியிலிருந்து அடைத்துவிடுவார்களாம். "அறியாமை நிறைந்த காலம்" என்றார் பேராசிரியர். பக்கத்தில் இருந்தவள் "ச்சீ, மனுசங்களா அவங்க?" என்றாள். எங்கள் வீட்டை அடைத்தவர் என் சித்தப்பா. எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதினான்கு வயதில் நடந்தது அது.

ராசிபுரம் பக்கத்தில் நெசவாளர் தெரு எங்களுடையது. அப்பாவும் அவர் தம்பியும் எதிரெதிர் வீடுகளில் தறி போட்டிருந்தார்கள். வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த அம்மாவுக்கு, வந்த மறுநாள் காலையில் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் கண்கள் குழிக்குள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பா வண்டி கேட்டுப் போனார். காலரா என்று தெரிந்ததும் வண்டிக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். அப்பா வெறுங்கையோடு வீட்டுக்குள் வந்தார். அவர் பின்னாலேயே சித்தப்பா வேலமுள்ளை வெட்டிவந்து எங்கள் வாசலில் குவித்தார். தெருக்காரர்கள் தடியோடு நின்றார்கள்.

"அண்ணா, வெளிய வராதீங்க. எங்க ஊட்டுலயும் கொழந்தைங்க இருக்குதுங்க."

"டேய், ஒரு கொடம் தண்ணியாவது குடுங்கடா. நாக்கு வறண்டு கெடக்கறா."

"கெணத்துப் பக்கம் மட்டும் வந்துராதீங்க."

வீட்டில் இருந்த தண்ணீரெல்லாம் அம்மாவைக் கழுவியே தீர்ந்துபோயிருந்தது. சித்தி ஒரு குடத்தோடு வந்தாள். "பக்கத்துல வராத புள்ள, குண்டாவ வெச்சுட்டுத் தள்ளி நில்லு" என்று முள்ளுக்கு அந்தப் பக்கமிருந்தே வீசி ஊற்றினாள். பாதிக்கு மேல் மண்ணில் போயிற்று. குண்டாவில் விழுந்ததை அம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். நான் வாசலுக்கு ஓடினேன். சித்தி போய்விட்டிருந்தாள். கூப்பிட்டேன். எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அம்மா செத்துப்போனாள்.

பிணம் போக மட்டும் முள்ளை விலக்கினார்கள். தூக்க யாரும் வரவில்லை. நூல் மூட்டை இழுக்கிற கைவண்டியில் அம்மாவைக் கிடத்தி அப்பா இழுத்தார், நான் தள்ளினேன். தெரு வழியாகப் போகக் கூடாது என்றார்கள். கடலைக்காட்டு வழியே போனோம். உழுத மண்ணில் சக்கரம் புதையும்போதெல்லாம் அம்மாவின் தலை பலகையில் இடித்தது.

பிறகுதான் சுகாதாரத் துறை ஆட்கள் ஊசி போட வந்தார்கள். விசாரித்த ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணி குடுத்துக்கிட்டே இருந்திருந்தா பொழச்சிருப்பாங்களே." சித்தப்பா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வரிசையில் நின்றிருந்தார். முகம் மாறவில்லை. தன் முறை வந்ததும் கையை நீட்டினார்.

அந்த ஊசியும் நோயை முந்திக்கொள்ளவில்லை. அதே வாரம் சித்தி படுத்தாள். இப்போது தெரு சித்தப்பாவை ஒதுக்கியது. அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, நீங்க ஒருத்தருதானுங்க அவளத் தொடுவீங்க."

அப்பா தறியிலிருந்து எழுந்தார். சித்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் அவர் முதுகில் வாந்தி வழிந்தது. லாரி ஒன்றை மறித்து ஏற்றிச் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சித்தி பிழைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா தூக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டேன். கத்தியே கேட்டேன்.

"அவன் கூப்புட்டான், சாமி" என்றார் அப்பா.

நான் கல்லூரிப் படிப்பை முடித்த வருஷம், எடப்பாடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கைகழுவ வெளியே போனபோது சித்தி தன் வாசலிலிருந்து அந்தம்மாளைக் கூப்பிட்டாள். என் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்:

"நல்லா விசாரிச்சுக்கங்க. ஊருக்கே காலரா கொண்டாந்த ஊடுங்க இது. நானே சாவப் பார்த்தேன்."

அவர்கள் காபியைத் தொடவில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.