திருநீர்மலைத் தண்ணி

மதுவிலக்கு கடுமையாக இருந்த அறுபதுகளில்தான், தாம்பரத்து வீட்டிலேயே அப்பாவுக்குத் தெரியாமல் பீர் காய்ச்சிப் பார்க்கும் கிறுக்கு எனக்குப் பிடித்தது. கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. பார்லியை முளைகட்டத் தெரியும். ஈஸ்ட் பேக்கரியில் கிடைக்கும். தண்ணீர்தான் கழுத்தை அறுத்தது. எங்கள் கிணறு ஒரே உப்பு. அதில் காய்ச்சியது கஷாயமாகக் கசந்தது.

ஆகவே தங்கையின் கணவரைப் பிடித்தேன். தபால்காரர், சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர். போகிற இடத்துக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவருவார். நான் சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கி நுரை நிற்கிறதா என்று பார்ப்பேன்; உப்புத் தண்ணீரில் நுரை நிற்காது. அவர் ஒரு காலத்தில் சாராயம் குடித்தவர். இனித் தொடமாட்டேன் என்று அப்பா முன்னால் பைபிளில் கைவைத்துச் சொன்ன பிறகுதான் தங்கையை அவரோடு திருப்பி அனுப்பினோம். மறுபடி குடித்தால் அவளை அழைத்து வந்துவிடுவதாகப் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வாசலில் நின்றபடியே கத்தினார்: "மச்சான், திருநீர்மலைத் தண்ணி இன்னாமா கீது தெரியுமா! நானே ஒரு மடக்கு வுட்டுப் பாத்தேன்!"

அவருக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். எங்கள் ஊரில் தண்ணி என்றால் இரண்டு அர்த்தம். அப்பாவின் காதில் விழுந்தது ஒன்றுதான். சைக்கிள் பம்பை உருவி விளாசினார். பாட்டில் விழுந்து நொறுங்கியது.

"ஐயோ மாமா, வெறும் தண்ணி மாமா!"

அந்த வார்த்தைக்கு இன்னும் நாலு அடி விழுந்தது. கண்ணாடிச் சில்லுமேல் சுருண்டவரை அப்பா உதைத்தார். விழுந்து கிடந்தவர் என்னையே பார்த்தார். நான் வாயைத் திறந்தால் பம்பு என் பக்கம் திரும்பும். பயந்தாங்கொள்ளி நான். "பைபிளைத் தொட்டுப் பொய்யாடா சொன்னே?" என்று கத்திக்கொண்டே ஓடி, அவர் இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தேன்.

காதிலிருந்து ரத்தம் வந்தது. அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த தங்கை எங்களைத் தள்ளிவிட்டு அவர் வாயை முகர்ந்தாள். "அடப் பாவிங்களா, இவர் குடிக்கவே இல்லையே!"

அப்பாவின் கை இறங்கியது. "அப்ப எதுக்குப் பாட்டில்ல தண்ணி?"

"சோப்பு நுரைக்குதான்னு பாக்க, மாமா. துணி தோய்க்க" என்றார் அவர், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கத்தில் செத்தேன்.

அந்த இடது காது அப்புறம் கேட்கவே இல்லை. பீர்ப் பானையை அன்றே உடைத்துப் போட்டேன். பல வருஷம் கழித்து அவரிடம் மன்னிப்பும் கேட்டேன், அவருடைய இடது பக்கமாக நின்றுகொண்டு.