கடைத்தெரு வழியாகவே வந்தாள்

எனக்கு டி.பி. வந்தபோது வயது பத்தொன்பது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சளியில் ரத்தத்தைப் பார்த்த மறுநாளே மாமியார் வீட்டில் என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் ஒரே மாட்டு வண்டியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். புருஷன் கூட வரவில்லை. அறுவடை என்றார்களாம். அறுவடை முடிந்த பிறகும் வரவில்லை.

ஐம்பதுகளில் அந்த நோயென்றால் ஊரே பாடை கட்டத் தயாராகிவிடும். ஆனால் ஊசி மருந்து வந்திருந்தது. மெட்ராஸ் டாக்டர் என் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "தினம் ஒண்ணு, தொண்ணூறு ஊசி. நடுவுல வுடாதீங்க" என்றார். நைனா ரயிலில் போய் மருந்து வாங்கி வந்தார். ஊர்க் கம்பவுண்டர் ஒன்பது நாள் வந்து போட்டார். பத்தாம் நாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்த ஊட்டுக்கு வர்றதைப் பாத்துட்டு வேற எவனும் என்னை உள்ள வுட மாட்டேன்றான்யா. நானும் பொழைக்கணும்ல?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி ஒருத்தி இருந்தாள். பழவேற்காட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் நேரே கம்பவுண்டர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "நீங்க போவ வேணாம். எப்டி குத்தறதுன்னு எனக்குக் காட்டுங்க." அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும், ஒரு கூடைக் கத்திரிக்காயை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு நாள்தான் தவறியது. மறுநாள் காலையில் என் கட்டிலோரம் நின்று சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்தாள்.

"கத்திரிக்கா கத்தலை. நீயும் கத்தாதே" என்றாள்.

நான் கத்தினேன். அவளும் கூடச் சேர்ந்து கத்தினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த அறையில் நாங்கள் சிரித்தோம்.

அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்சந்து வழியா வாம்மா, யாரு கண்ணுலயும் பட வேணாம்" என்று கெஞ்சினாள்.

"நான் இன்னா திருடவா வர்றேன்?" என்று கேட்டாள் அவள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பித்தளை டப்பாவில் ஊசியை வைத்துக்கொண்டு, தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடைத்தெரு வழியாகவே வந்தாள். ஒருநாள் எவனோ, "தள்ளுங்க, டி.பி. வருது" என்றானாம். இவள் நின்று டப்பாவைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறாள். "இது டி.பி. இல்ல, அதுக்கு மருந்து. கிட்ட வந்து பாரு." அவன் அந்த மாதம் முழுக்க எதிர்ச்சாரியில்தான் நடந்தான்.

பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. அவளுடைய வாப்பா ஒரே கேள்விதான் கேட்டாராம்: "இன்னும் எத்தினி ஊசி பாக்கி?"

"நாப்பத்தொண்ணு வாப்பா."

"முடிச்சுட்டு வா."

அவளுடைய உம்மா அழுது பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். நிச்சயம் முறிந்தது. இதில் ஒரு வார்த்தையையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்குப் போன அம்மாதான் கேட்டு வந்து சொன்னாள்.

மறுநாள் அவள் வரும் நேரத்துக்கு நான் எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளிருந்தே, "போயிடு. என்னால உன் வாழ்க்கை கெட வேணாம்" என்றேன்.

அவள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "நின்னுபோன கல்யாணம் நின்னதுதான். இப்ப நீயும் செத்துப் போனா எனக்கு ரெண்டு நஷ்டம்டீ. தொறக்கறியா, ஜன்னல் வழியா குத்தட்டுமா?"

திறந்தேன். மூச்சு வாங்கியது, கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. செத்துப்போகக் கூடாது என்று நானாக முடிவு செய்தது அந்தக் காலையில்தான். அதுவரை மற்றவர்களுக்காக ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறும் முடிந்தது. இடது காது மந்தமானது, மருந்து செய்த வேலை. நெஞ்சு தேறியது. எட்டு மாதம் கழித்துப் புருஷன் வீட்டிலிருந்து பெரியவர்கள் பூவும் பழமுமாக வந்தார்கள். ஒரு வார்த்தை யோசித்துச் சொல்லும்படி நைனா கேட்டார். யோசிக்க ஒன்றுமில்லை.

"ரத்தம் வந்தப்போ நான் உங்களுக்கு வேணாம். இப்ப நீங்க எனக்கு வேணாம்" என்றேன். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் டீச்சர் டிரெய்னிங் முடித்து என் சோற்றை நானே சம்பாதித்துக்கொண்டேன்.

அவளுக்கு நாலு வருஷம் இடம் அமையவில்லை. கடைசியில் பழவேற்காட்டிலேயே, மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். அதைத் தியாகம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். அவள் எதை விட்டாள் என்று எனக்குத் தெரியும், அதைச் சின்னதாக்கிப் பேச நான் யாரையும் விடுவதில்லை, அவளையும் சேர்த்து.

அவள் நிக்காஹ் அன்று பெண்கள் பக்கம் சஹன் வைத்தார்கள், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. நான் போய் ஒரு சஹன் முன்னால் உட்கார்ந்தேன். மூன்று பக்கமும் காலியாகவே இருந்தது. வேறு தட்டுகளில் ஐந்து பேர், ஆறு பேர் என்று நெருக்கிக்கொண்டார்கள். எழுந்துவிடலாம் என்று கால் துடித்தது. எழவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவளுடைய உம்மா அடுப்படியிலிருந்து வந்தார். நிச்சயம் முறிந்த நாளிலிருந்து என்னோடு பேசாதவர். கையைக் கழுவிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, நான் தொட்டுவிட்டிருந்த சோற்றிலேயே கை வைத்தார்.

"சாப்புடு, ஆறிப்போவுது" என்றார்.

சாப்பிட்டேன்.